பிக்கப் வண்டியில் ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனைகள்

பிக்கப் வண்டியின் ஏ.சி. குளிரவில்லை என்று சொன்னதும் பல பட்டறைகளில் முதலில் கேட்கப்படுவது, கேஸ் ஏற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே தவறான ஓர் அனுமானம் இருக்கிறது. ஏ.சி.யின் கேஸ் டீசலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசிவது இயல்பே என்றாலும், ஒரு கோடையில் ஏற்றிய கேஸ் அடுத்த கோடைக்குள் இல்லாமல் போனால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். ஒழுகலைக் கண்டுபிடிக்காமல் மீண்டும் ஏற்றுவது வீண் செலவு. கேஸ் குறையாத வண்டியில் கூடுதலாக ஏற்றினாலோ, இருந்த குளிர்ச்சியும் குறைந்து கம்ப்ரசருக்கும் கேடு வரும்.

ஆகவே கேஸைப் பற்றி யோசிப்பது கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் காற்று, மின்சாரம், வெப்பம் வெளியேறும் வழி ஆகிய மூன்றையும் சரிபார்த்துவிட வேண்டும். இந்த மூன்றையும் வண்டியின் உரிமையாளரே தன் வீட்டு வாசலில் செய்துகொள்ள முடியும். இசுசு டி-மேக்ஸ், மகிந்திரா பொலேரோ கேம்பர், டொயோட்டா ஹைலக்ஸ் போன்று எஞ்சின் நீளவாக்கில் அமைந்த டீசல் பிக்கப்களை மனத்தில் வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். மற்ற வண்டிகளுக்கும் அடிப்படை இதுவேயானாலும், பாகங்கள் இருக்கும் இடம் மாறும்.

பிக்கப்பில் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்

காருக்கும் பிக்கப்புக்கும் ஏ.சி. அமைப்பு ஒன்றுதான் என்றாலும் வாழ்க்கை வேறு. செம்மண் பாதையிலும் கல்குவாரிச் சாலையிலும் வைக்கோல் பாரத்தோடும் போகும் வண்டியின் முன்கிரில் வழியாக நுழையும் தூசி, உமி, பூச்சிகள் எல்லாம் முதலில் வந்து ஒட்டுவது கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் மேல்தான். சந்தையிலும் கிடங்கிலும் எஞ்சினை அணைக்காமல் நீண்ட நேரம் நிற்பதால், ஓட்டத்தில் கிடைக்கும் எதிர்க்காற்று கிடைக்காமல் ஃபேனை மட்டுமே நம்பி கண்டென்சர் ஆற வேண்டியிருக்கிறது. பாரத்தோடு குலுங்கும்போது குழாய் இணைப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்களும் தளர்கின்றன. இரட்டைக் கேபின் வண்டியில் இரண்டு வரிசை இருக்கைக்கும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரே கூலிங் காயில்தான் குளிரூட்டுகிறது. இவை அனைத்தும் சேர்ந்து, காரில் பத்தாண்டு வரை தலைகாட்டாத கோளாற்றைப் பிக்கப்பில் சில ஆண்டுகளிலேயே கொண்டுவந்துவிடும்.

உள்ளே நடப்பது என்ன

சோதனையின் பொருள் புரிய வேண்டுமானால் இந்தச் சுற்றை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளை வழியே கூலிங் காயிலுக்குள் பீய்ச்சப்படும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் அது கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் கேபின் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. பிறகு அந்த ஆவி தடித்த குழாய் வழியாகக் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பிக்கப்களில் இருப்பது ஆர்-134ஏ என்னும் கேஸ். திறந்த வெளியில் இது −26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) அழுத்தத்தில் இருந்தால் 0 டிகிரியில் கொதிக்கும். 200 பிஎஸ்ஐயில் இருந்தால் சுமார் 55 டிகிரியில்தான் திரவமாகும். இந்த இரண்டு எண்களும் இந்த வழிகாட்டி முழுவதற்கும் சாவி. கூலிங் காயில் இருக்கும் குறைந்த அழுத்தப் பக்கமான லோ சைடில் 30 பிஎஸ்ஐயை ஒட்டி இருப்பதால்தான் கூலிங் காயில் உறையாமல், அதே நேரம் உறைநிலையை ஒட்டிய குளிர்ச்சியோடு இருக்கிறது. கண்டென்சர் இருக்கும் அதிக அழுத்தப் பக்கமான ஹை சைடில் 200 பிஎஸ்ஐக்கு மேல் ஏறுவதால்தான் 38 டிகிரி வெயிலிலும் கண்டென்சர் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க முடிகிறது.

தேவையான கருவிகளும் பாதுகாப்பும்

கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், மல்ட்டிமீட்டர், டார்ச் விளக்கு, சோப்பு நீர் நிரப்பிய தெளிப்பான், சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஆகியவை போதும். அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்டு கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் முக்கால்வாசிச் சோதனைகளை முடித்துவிடலாம்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பானெட்டுக்குள் குனியப் போகிறோம் என்பதை மறக்கக் கூடாது. வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். பெல்ட்டும் ஃபேனும் நொடியில் இழுத்துக்கொள்ளும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு அண்டைக் கல் வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடுவது புகையால் உயிருக்கே ஆபத்து. கேஸ் குழாய் இணைப்பு எதையும் ஸ்பேனர் போட்டுக் கழற்றக் கூடாது. சீறி வரும் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கேஜ் பொருத்தும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

முதல் படி: குறையை எண்ணாக மாற்றுங்கள்

“கூலிங் பத்தவில்லை” என்பது உணர்வு. அதை அளவாக மாற்றினால்தான் பழுது நீங்கியதா என்பதைப் பின்னர் சொல்ல முடியும். வண்டியை நிழலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து உள்ளிருக்கும் வெப்பக் காற்றை வெளியேற்றிய பின், கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்து, ப்ளோயரை அதிக வேகத்துக்குத் திருப்பி, உள்காற்றே சுழலும் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடு வென்ட்டுக்குள் தெர்மாமீட்டர் முனையைச் செருகிவிட்டு, எஞ்சினை 1,500 ஆர்பிஎம் அளவில் பத்து நிமிடம் ஓடவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் வென்ட்டில் 7 முதல் 12 டிகிரி வரை வந்தால் குளிரூட்டும் பகுதி நலமாகவே இருக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரத்தைத் தண்ணீராக மாற்றுவதிலேயே காயிலின் ஆற்றலில் ஒரு பங்கு போய்விடுவதால், அதே வண்டி கோயம்புத்தூரில் காட்டுவதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்து, குறை எப்போது வருகிறது என்பதை எழுதி வையுங்கள். நிற்கும்போது சூடாகவும் ஓடும்போது குளிராகவும் வந்தால் கண்டென்சர் காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். முதல் அரை மணி நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்துபோய், சிறிது நேரம் அணைத்துப் போட்டால் மீண்டும் சரியானால் கூலிங் காயில் பனியாக உறைகிறது. காற்றின் வேகம் குறையாமல் குளிர்ச்சி மட்டும் திடீரென்று அறுந்துபோனால், கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் காந்த க்ளட்ச் விடுபடுகிறது. ஒரு பக்க வென்ட் குளிர்ந்து மறுபக்கம் சூடாக வந்தால், கேஸ் குறைவால் காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிர்வதாகவோ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கலப்புக் கதவு சிக்கியிருப்பதாகவோ கொள்ளலாம். மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது சில நொடி குளிர்ச்சி குறைவது பல வண்டிகளில் கோளாறே இல்லை. எஞ்சினுக்குச் சக்தி மிச்சப்படுத்த, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு கம்ப்ரசரை அந்த நேரத்துக்கு விடுவிக்கிறது.

இரண்டாம் படி: கேபினுக்குள் வரும் காற்று

குளிர்ச்சி உண்டாகியும் காற்று வராவிட்டால் பயனில்லை. கேபின் ஃபில்டர் பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏ.சி.யை ஓட்டிப் பார்த்தால், குறை அதனால்தானா என்பது உடனே தெரிந்துவிடும். சில வேலை வண்டிகளில் ஃபில்டரே இருக்காது. அவற்றில் தூசி முழுவதும் நேராகக் கூலிங் காயிலின் தகடுகளில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து மண்பூச்சாக மாறிவிடும். அந்தக் காயிலைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

ப்ளோயர் அதிகபட்ச வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால், மோட்டார் நன்றாகவே இருக்கிறது, வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

வெந்நீர்க் கலப்பு பலரும் கவனிக்காத இடம். ஹீட்டர் காயிலின் பக்கம் போகும் கதவு முழுமையாக மூடாவிட்டால், குளிர்ந்த காற்றோடு சூடான காற்றும் கலந்து வென்ட்டில் மந்தமாக வரும். வெப்பநிலைத் திருகியைக் கடைக்கோடி குளிரிலிருந்து கடைக்கோடி சூட்டுக்குத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் கதவு அசையும் ஓசையோ காற்றில் மாற்றமோ இருக்க வேண்டும். இல்லையெனில் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது அதை அசைக்கும் சிறு மோட்டார் பழுதாகியிருக்கலாம். கேஸ் ஏற்றி ஏற்றிப் பயன் காணாத வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால் பகுதி நனைந்தால், கூலிங் காயிலின் வடிகுழாய் மண்ணால் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியில் அதன் முனையைக் கண்டுபிடித்து, மென்மையான பிளாஸ்டிக் கம்பியால் மண்ணை மெல்ல நீக்கினால் போதும். ஆனால் அந்த ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது கூலன்ட். ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது, எஞ்சின் சூடேறிவிடும்.

மூன்றாம் படி: கம்ப்ரசர் பிடிக்கிறதா

எஞ்சினை ஓடவிட்டு, விலகி நின்றபடி கம்ப்ரசரின் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்ற ஓசையோடு நடுவில் இருக்கும் தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றினால் நான்காம் படிக்குச் செல்லலாம். தட்டு சுற்றாவிட்டால் இங்கேதான் நின்று வேலை செய்ய வேண்டும்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். விரிசல், பளபளப்பு, தளர்ச்சி கூடாது. பின்பு ஏ.சி. ஃபியூஸ். அதன் பின் ரிலே: பெட்டியில் அதே எண்ணும் அதே கால் அமைப்பும் கொண்ட ஹாரன் ரிலேயை மாற்றிப் பொருத்தினால், ரிலேயின் குற்றமா என்பது ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

அவை சரியாக இருந்தால் க்ளட்சுக்குப் போகும் ஒயரின் இணைப்பைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது ஏ.சி.யைப் போட்டு மல்ட்டிமீட்டரால் வோல்ட்டேஜ் பாருங்கள். 13 முதல் 14 வோல்ட் வந்தும் க்ளட்ச் பிடிக்காவிட்டால் குறை க்ளட்சில்தான். எஞ்சினை அணைத்து, க்ளட்சுக்குள் இருக்கும் காந்தக் காயிலின் மின்தடையை அளந்தால் பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. மின்தடை சரியாக இருந்தால் ஃபீலர் கேஜைத் தட்டுக்கும் புல்லிக்கும் இடையில் செருகி இடைவெளியை அளக்க வேண்டும். பெரும்பாலான கம்ப்ரசர்களில் இது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தேய்மானத்தால் இடைவெளி அகன்றுவிட்டால், காலையில் நன்றாகப் பிடிக்கும் க்ளட்ச் நண்பகல் சூட்டில் பிடிக்காது. சூடேறிய காயிலில் மின்தடை கூடி காந்த இழுப்பு குறைவதே காரணம். உள்ளிருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டாலே இது பல வண்டிகளில் சரியாகிவிடும். இதற்காகப் புதுக் கம்ப்ரசர் வாங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

க்ளட்ச் வரை மின்சாரமே வராவிட்டால், நடுவில் யாரோ தடுக்கிறார்கள். பெரும்பாலும் அது பிரஷர் ஸ்விட்ச். கேஸ் அழுத்தம் சுமார் 2 பார், அதாவது 28 பிஎஸ்ஐ அளவுக்குக் கீழே போனாலும், ஹை சைடில் 27 முதல் 32 பார் வரை எகிறினாலும், கம்ப்ரசரைக் காப்பாற்ற அது இணைப்பைத் துண்டித்துவிடும். சிலர் இந்த ஸ்விட்சின் இரு கால்களையும் ஒயர் துண்டால் இணைத்துப் பார்ப்பார்கள். புதிய வண்டிகளில் இரண்டு கால் ஸ்விட்சுக்குப் பதிலாக மூன்று ஒயர் சென்சார் இருக்கிறது. அதைக் குறுக்கே இணைத்தால் ஈசியு பழுதாகும் அபாயம் உண்டு. பழைய ஸ்விட்சிலும் இது நல்ல வழக்கமன்று. கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு கலந்தேதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாத கம்ப்ரசரைக் கட்டாயப்படுத்தி ஓட்டினால் அது ஆயிலின்றித் தேய்ந்து, உலோகத் துகள்களைக் குழாய் முழுவதும் பரப்பிவிடும். அதன் பின் செலவு பல மடங்கு.

ஓசையையும் இந்தப் படியிலேயே கேட்டுவிடுங்கள். ஏ.சி.யை அணைத்திருக்கும்போதும் கம்ப்ரசர் பக்கம் உறுமல் வந்தால் அது புல்லி பேரிங். பேரிங்கை மட்டும் மாற்றலாம். ஏ.சி. போட்டதும் மட்டும் கடகடவென்று வந்தால் உள்பாகங்கள் தேய்கின்றன. புதிய வண்டிகள் சிலவற்றில் க்ளட்சே இல்லாத, கொள்ளளவு தானே மாறும் கம்ப்ரசர்கள் இருக்கின்றன. அவற்றில் ‘டக்’ ஓசையை எதிர்பார்க்கக் கூடாது, குழாய்களைத் தொட்டுத்தான் அறிய வேண்டும்.

நான்காம் படி: கண்டென்சரும் ஃபேனும்

பிக்கப்பில் குளிர்ச்சிக் குறைவுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. கிரில் வழியாகப் பார்த்தால் கண்டென்சரின் முன்முகம் சுத்தமாகத் தெரிந்தாலும், அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருக்கும் விரல் அகல இடுக்கில் உமியும் தூசியும் கம்பளம்போல் படிந்திருக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டார்ச்சை அந்த இடுக்குக்குள் காட்டித்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் முழுதாக ஆறிய பின், குழாய்த் தண்ணீரை மென்மையாக, இயன்ற வரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் உயர் அழுத்தக் குழாயை நேராகக் கண்டென்சர் மேல் பிடிக்க விடாதீர்கள்: மெல்லிய அலுமினியத் தகடுகள் படுத்துவிட்டால் காற்று புகாது, பிறகு எத்தனை கழுவினாலும் பயனில்லை.

ஃபேன் இரண்டு வகை. பெரும்பாலான டீசல் பிக்கப்களில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பெரிய விஸ்கஸ் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும். பலவற்றில் கண்டென்சருக்கு முன்னால் ஒரு மின் ஃபேனும் இருக்கும். மின் ஃபேன் ஏ.சி. போட்டதுமோ, அழுத்தம் ஓரளவு ஏறியதுமோ சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு ஃபேனுக்கே நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது என்று போக வேண்டும். விஸ்கஸ் ஃபேனைச் சோதிக்க, சூடான எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையோடு சுற்றி உடனே நின்றால் நல்லது. எந்தத் தடையுமின்றிப் பல சுற்றுகள் ஓடினால் உள்ளிருக்கும் சிலிக்கான் திரவம் கசிந்து கப்ளிங் செயலிழந்துவிட்டது. எஞ்சின் வெப்பமானியும் ஏற்றத்தில் சற்று மேலே போவதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்தப் படிக்கு ஓர் உறுதியான சோதனை உண்டு. நின்ற நிலையில் ஏ.சி.யை ஓடவிட்டு வென்ட் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கண்டென்சரின் மேல் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரைத் தெளியுங்கள். 18 டிகிரியில் நின்ற அளவு 11, 12 என்று விறுவிறுவெனக் கீழிறங்கினால், வெப்பம் வெளியேறாததுதான் முதன்மைக் குறை என்று ஐயமின்றி அறியலாம். அந்த வண்டிக்குக் கேஸ் ஏற்றுவது நோயை முற்ற வைப்பதாகும். தண்ணீர் பட்டும் அளவு அசையாவிட்டால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

ஐந்தாம் படி: குழாய்களைத் தொட்டறிதல்

கேஜ் இல்லாதவர்களுக்கு இதுவே கேஜ். ஏ.சி. பத்து நிமிடம் ஓடிய பின், எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்புச் சுவரான ஃபயர்வாலை ஒட்டிய இடத்தில் இரண்டு அலுமினியக் குழாய்களைக் காணலாம். தடித்த குழாய் சில்லென்று இருந்து வெளியே நீர் முத்துக்கள் துளிர்க்க வேண்டும். மெல்லிய குழாய் இளஞ்சூடாக இருக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாய் கையைச் சுட்டுவிடும் சூட்டில் இருக்கும், அதைப் பிடிக்கக் கூடாது.

தடித்த குழாய் குளிரவே இல்லை, மெல்லியதும் சூடாகவில்லை என்றால் கேஸ் மிகக் குறைவு, அல்லது கம்ப்ரசர் சுற்றியும் அழுத்தம் கட்டவில்லை. மெல்லிய குழாயில் ஓரிடம் வரை சூடாகவும் அதற்கு அப்பால் திடீரென்று குளிராகவும் இருந்தால் சரியாக அந்த இடத்தில்தான் அடைப்பு. ட்ரையரின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை வியர்த்தும் இருப்பது இந்த வகை. ட்ரையரை மாற்ற வேண்டும். தடித்த குழாய் வெண்பனி பூத்துக் கிடந்தும் வென்ட்டில் காற்று சோர்வாக வந்தால், கேபின் காற்றோட்டக் குறையோ, காயில் வெப்பநிலையைப் பார்க்கும் தெர்மிஸ்டர் பழுதோ காரணம். இரண்டாம் படிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

ஆறாம் படி: ஒழுகலைத் தேடுதல்

கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது வெளியேறும் இடத்தில் ஆயிலையும் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே ஈரமான தூசி எங்கே பிசினாக ஒட்டியிருக்கிறது என்று தேடுங்கள். கம்ப்ரசரின் முன்பக்க ஷாஃப்ட் சீல், ஹோஸை அலுமினியக் குழாயோடு நசுக்கிப் பிணைத்திருக்கும் வளையங்கள், ஓ-ரிங் உள்ள இணைப்புகள், கண்டென்சரின் கல்லடி பட்ட கீழ்ப்பகுதி, கேஜ் பொருத்தும் வாய்களான சர்வீஸ் போர்ட்டுகளின் உள்வால்வு ஆகியவை முதல் சந்தேகத்துக்குரியவை. கிளாம்ப் கழன்ற குழாய் சேஸியிலோ பேட்டரித் தட்டிலோ உராய்ந்து துளைபட்டிருப்பதும் பிக்கப்பில் அடிக்கடி காண்பதே.

எஞ்சின் அணைந்திருக்கும்போது, உள்ளே ஓரளவு அழுத்தம் இருந்தால், கெட்டியான சோப்பு நீரை ஒவ்வோர் இணைப்பிலும் தெளித்து இரண்டு நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். வேகமான ஒழுகல் பெரிய குமிழாகத் தெரியும். மெதுவான ஒழுகல் வெண்ணுரையாகத் திரண்டு நிற்கும், அவசரப்பட்டால் கண்ணில் படாது. போர்ட் மூடிகளைத் திருகிப் போடாமல் விட்ட வண்டிகளில் அந்த வால்விலேயே ஒழுகல் இருக்கும். இது மிகக் குறைந்த செலவில் தீரும் பழுது. எங்கும் அகப்படாமல், வடிகுழாயின் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான் ஒழுகுகிறது.

ஒழுகலை அடைக்கும் மருந்து என்று விற்கப்படும் டப்பாக்களைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே காற்றும் ஈரமும் இருந்தால் அவை கட்டியாகி எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடக்கூடும். அந்தக் குழாயோடு தங்கள் இயந்திரத்தை இணைக்கப் பல பட்டறைகள் தயங்கும்.

ஏழாம் படி: கேஜ் சொல்வதைப் படித்தல்

ஆர்-134ஏ வண்டியில் லோ போர்ட் 13 மில்லிமீட்டர், ஹை போர்ட் 16 மில்லிமீட்டர். ஆகவே கேஜின் நீல, சிவப்பு முனைகளை மாற்றிப் பொருத்த முடியாது. பானெட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் கேஸின் வகையும் கிராம் அளவும் இருக்கும். கேஜை எடுக்கும் முன் அதைப் படியுங்கள்.

வண்டி இரவு முழுதும் ஆறிய பின், காலையில் எஞ்சினைப் போடாமலே முதல் அளவை எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டும். அது காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது: 25 டிகிரியில் ஏறத்தாழ 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133. இதைவிட மிகக் குறைவாக இருந்தால் உள்ளே திரவமே மிஞ்சவில்லை. தெளிவாகக் கூடுதலாக இருந்தால் காற்றோ வேறொரு கேஸோ கலந்திருக்கிறது. ஆனால் சரியாக இருந்தால் அளவு சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது. உள்ளே சிறிதளவு திரவம் மிஞ்சியிருக்கும் வரை 150 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் நின்ற அழுத்தம் ஒன்றே. இந்த ஒரு செய்தியை அறியாமல் ஏமாறுபவர்கள் ஏராளம்.

பின்பு எஞ்சினை 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு அளவு எடுங்கள். 35 டிகிரி வெயிலில் லோ சைடு 30 முதல் 45 பிஎஸ்ஐ வரையிலும், ஹை சைடு 200 முதல் 260 வரையிலும் இருப்பது இயல்பு. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் மிகுதி, காற்றுக் கலப்பு, கண்டென்சர் ஆறாமை ஆகிய மூன்றில் ஒன்று. தண்ணீர் தெளித்ததும் இறங்கினால் மூன்றாவதே முதல் சந்தேகம். லோ உயர்ந்து ஹை தாழ்ந்திருந்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் கட்டுப்பாட்டு வால்வு வேலை செய்யவில்லை. லோ பூஜ்ஜியத்துக்குக் கீழே வேக்கத்தை (வெற்றிடத்தை) நோக்கிப் போனால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ ட்ரையரிலோ அடைப்பு. சிறிது நேரம் சரியாக ஓடி, வேக்கத்துக்குப் போய், அணைத்து வைத்தால் மீண்டும் சரியாகும் வண்டியில் ஈரம் புகுந்திருக்கிறது. வால்வின் துளையில் பனித்துகள் அடைத்துக்கொள்வதே அதற்குக் காரணம்.

பட்டறைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

குழாய் திறக்க வேண்டிய எந்த வேலையும் இதற்கு மேல் வீட்டில் வேண்டாம். ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் கெடுக்காது என்றாலும், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் வலிமை அதற்கு உண்டு. காற்றில் திறந்து விடுவதற்குப் பதிலாக இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் பட்டறையைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கே சிலவற்றை வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒழுகல் கண்ட இணைப்பில் புது ஓ-ரிங் போட வேண்டும். அமைப்பு நீண்ட காலம் திறந்து கிடந்திருந்தால் ட்ரையரை மாற்ற வேண்டும். வேக்கம் பம்பைக் குறைந்தது அரை மணி ஓடவிட்டு, பம்பை நிறுத்திய பின் முள் அசையாமல் நிற்கிறதா என்று உங்கள் கண்முன் காட்ட வேண்டும். முள் ஏறினால் இன்னும் ஒழுகுகிறது, கேஸ் ஏற்றக் கூடாது. லேபிளில் உள்ள கிராம் அளவைத் தராசு வைத்தே ஏற்ற வேண்டும். “பைப் சில்லென்று ஆகும் வரை” என்பது அளவாகாது. ஆயில் லேபிளில் சொன்ன வகையாக இருக்க வேண்டும், திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் உள்ள பிஏஜி ஆயில் காற்றின் ஈரத்தை விரைவாக உறிஞ்சிவிடும்.

கேஸ் உருளையையும் பாருங்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மலிவாக வரும் போலிச் சரக்கு விளையாட்டுப் பொருள் அன்று. 2011-ஆம் ஆண்டில் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிரூட்டப்பட்ட கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். போலி கேஸில் கலந்திருந்த மெதில் குளோரைடு கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. எல்பிஜி வகைக் கலவையை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். நன்றாகவே குளிரும், ஆனால் கூலிங் காயிலில் ஒழுகினால் எரியும் கேஸ் மூடிய கேபினுக்குள் நிறையும். குடும்பத்தோடு போகும் வண்டியில் இதை எந்த விலைக்கும் ஏற்கக் கூடாது.

வேலை முடிந்ததும் பட்டறையிலேயே முதல் படியின் சோதனையை மீண்டும் செய்து, வென்ட் வெப்பநிலை, வெளி வெப்பநிலை, இரு பக்க அழுத்தம், ஏற்றிய கிராம் அளவு, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கிளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள். அடுத்த பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும்போது அதே நிலையில் மறுபடி அளந்து அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கைந்து டிகிரி வேறுபாடு தெரிந்தால், முதலில் கண்டென்சர் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.